கறுப்புக் கோடு

வெள்ளம் வந்துபோன வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. சுவரில் ஒரு கோடு.

முழங்கால் உயரத்திலோ, இடுப்பு உயரத்திலோ, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி வீடு முழுக்க ஓடும். தண்ணீர் எதுவரை வந்து நின்றது என்பதற்கு அதைவிட ஒழுங்கான சாட்சி கிடையாது. வழக்கமாக அந்தக் கோடு பழுப்பு நிறம். சேற்றின் நிறம். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தால் காணாமல் போய்விடும்.

2023ஆம் வருடம் டிசம்பர் முதல் வாரத்தில், எர்ணாவூரிலும் எண்ணூரையொட்டிய குப்பங்களிலும் வெள்ளம் வடிந்தபோது சுவரில் இருந்த கோடு பழுப்பு இல்லை. கறுப்பு. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தால் பெட்ரோல் பங்க்.

சேற்றைக் கழுவத் தெரியும். இதை எப்படிக் கழுவுவது?

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் தேடிப் புறப்பட்டால் இருநூறு வருடம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்துவிடலாம். அதற்கு முன்னால், சேறு புகுந்த வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று பார்த்துவிடுவோம். அந்தக் கலையில் வடசென்னைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

*

1996 ஜூன். மழைக்காலமே கிடையாது. கத்தரி வெயில் முடிந்த கையோடு வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தண்டையார்பேட்டையில் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடப் பையன். பள்ளிக்கூடம் லீவு என்கிற சந்தோஷத்தில் கட்டில் மேல் உட்கார்ந்து, காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. அம்மா.

“தண்ணி வடியறப்பவே சேத்தைத் தள்ளணும்டா. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா செங்கல்லாயிடும்.”

அதுதான் முதல் பாடம். வெள்ளச் சேறு ஈரமாக இருக்கும்போதே வெளியே போகவேண்டும். காய்ந்துவிட்டால் கரண்டியால் சுரண்டவேண்டியதுதான். வடிகிற தண்ணீரையே துணைக்கு வைத்துக்கொண்டு, துடைப்பத்தால் வாசல் பக்கமாகத் தள்ளித் தள்ளி வெளியேற்றுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. மெயின் ஸ்விட்ச்சை அணைப்பது. நனைந்த சுவரில் கை வைக்குமுன் இதைச் செய்யாமல் உயிரை விட்டவர்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் இருக்கிறார்கள்.

பிறகு சுவர். மேலிருந்து கீழாகக் கழுவவேண்டும். பிறகு தரை. சாக்கடையும் கலந்து வந்த தண்ணீர் என்பதால் பிளீச்சிங் பவுடர். அரிசி, பருப்பு நனைந்திருந்தால் யோசிக்காமல் குப்பைக்கு. இலவம்பஞ்சு மெத்தைக்கும் அதே கதிதான். வெளியே காய்ந்த மாதிரி நடிக்கும், உள்ளே ஒரு மாதம் புழுங்கும். ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட்டெல்லாம் நியூஸ் பேப்பருக்கு நடுவே வைத்து நிழலில் காயும். வெயிலில் போட்டால் முறுக்கு மாதிரி சுருண்டுவிடும். பீரோவையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். சுவருக்குக் காற்று வேண்டும். சாயங்காலம் சாம்பிராணி.

ஆச்சா? வீடு சுத்தம். ஆனால் காய்ந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை.

தரை ஒரு நாளில் காயும். சுவர் காய மாதங்கள் ஆகும். செங்கல் என்பது லட்சக்கணக்கான நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு பஞ்சு. தண்ணீர் இரண்டடி உயரத்துக்கு நின்றிருந்தால், ஈரம் சுவருக்குள்ளேயே அதற்கு மேலும் ஏறியிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி. தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஈரம் சுவரின் மேல்பரப்புக்கு வந்து ஆவியாகவேண்டும். வரும்போது செங்கல்லில் இருக்கும் உப்பையும் கூடவே அழைத்துக்கொண்டு வரும். அதைத்தான் ‘உப்புப் பூக்கிறது’ என்கிறோம். கடலோரக் காற்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால், சுவர் இன்னும் ஈரம். பெயின்டருக்கு ஃபோன் செய்யவேண்டாம்.

இந்த இடத்தில் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பழைய மெட்ராஸ் வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. மெருகேற்றினால் சலவைக்கல் மாதிரி பளபளக்கும். வெள்ளைக்காரர்கள் பார்த்து அசந்துபோய் எழுதிவைத்திருக்கிறார்கள். அழகைவிட முக்கியமான குணம், அந்தப் பூச்சு மூச்சு விடும். உள்ளே போன ஈரம் தடையில்லாமல் வெளியே வந்துவிடும். இன்றைய சிமென்ட் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும், நனைந்த உடம்பின்மேல் மாட்டிய ரெயின்கோட். ஈரம் உள்ளேயே கிடந்து புழுங்கும்.

அந்தக் கிளிஞ்சல் எங்கிருந்து வந்தது? பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து உப்பங்கழிகளிலிருந்து. படகில். கால்வாய் வழியாக.

நகரத்து வீடுகளுக்கு, ஈரத்தை வெளியேற்றும் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொடுத்த அதே கால்வாய்தான், 2023இல் வேறொன்றைக் கொண்டுவந்தது. எனவே, கால்வாயின் கதை.

*

பேசில் காக்ரேன் என்று ஒருவர். ஸ்காட்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. கிழக்கிந்திய கம்பெனி காலத்து மெட்ராஸில் கடற்படைக்கு மளிகை, மாமிசம், சாராயம் சப்ளை செய்யும் கான்ட்ராக்டில் கொழித்தவர். பின்னாளில் லண்டன் திரும்பி, கணக்கு விவகாரத்தில் அதே கடற்படை அதிகாரிகளோடு வருடக் கணக்கில் மல்லுக்கட்டினார். பொழுதுபோகாத நேரத்தில் ஆவிக்குளியல் நிலையம் ஒன்றும் நடத்தினார். ஈரம், ஆவி சமாசாரங்களில் மனிதருக்குத் தீராத ஈடுபாடு போலிருக்கிறது.

இவர் 1806இல் மெட்ராஸிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பதினொரு மைல். அதற்குக் ‘காக்ரேன் கால்வாய்’ என்றே பெயர். அப்போது எண்ணூர், வெள்ளைக்காரத் துரைகள் காற்று வாங்கப் போகும் இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் மணல்மேட்டில் பங்களாக்கள். மீன், நண்டு, இறாலுக்குப் பஞ்சமே இல்லை. இன்று எண்ணூர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

1837இல் அரசாங்கம் கால்வாயை எடுத்துக்கொண்டது. வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கொண்டே போனது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, நிவாரண வேலை என்று சொல்லிக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே விட்டுப்போயிருந்த துண்டை வெட்டவைத்தார்கள். வெட்டியவர்களுக்குக் கிடைத்தது அரைவயிற்றுக் கூலி. 1878இல் கால்வாய்க்குக் கிடைத்தது அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர்.

அப்புறம் சுமார் எண்பது வருடம் விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் இதில் மிதந்து வந்தன. ரயிலும் லாரியும் வந்தபிறகு மவுசு குறைந்தது. 1965, 66 புயல்கள் கரைகளை உடைத்துப்போட்டன. படகுகள் நின்றன. படகு போகாத கால்வாய்க்கு நம் ஊரில் என்ன பெயர்? சாக்கடை.

அதே 1965ஆம் வருடக் கடைசியில் வேறொரு சம்பவம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்கிற கம்பெனி பதிவானது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டாளிகள். 1969இல் மணலியில், பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரத்தில், சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. வருடத்துக்கு 25 லட்சம் டன். அதை ஒட்டி உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலைகள். எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையம். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். ரிஃபைனரிக்கு 2000இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. சி.பி.சி.எல். கொள்ளளவு 105 லட்சம் டன்னாக வளர்ந்தது.

இதையெல்லாம் குற்றப்பத்திரிகையாகப் படிக்கவேண்டாம். வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த ஆலைகளின் சம்பளத்தில்தான். தென்சென்னையில் ஸ்கூட்டர் ஓடியதும், ஏ.சி. ஓடியதும் இவற்றின் தயவில்தான்.

பிரச்னை வரைபடத்தில் இருக்கிறது.

பூண்டி ஏரியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு, புழல் ஏரியின் உபரி நீர், பக்கிங்ஹாம் கால்வாய். மூன்றும் எங்கே போய்க் கடலைச் சேரவேண்டும்? எண்ணூர் முகத்துவாரம். ஒரே வாசல். மூன்று வீட்டுத் தண்ணீர் ஒரே ஜலதாரை வழியாகப் போவது மாதிரி. அந்த வாசலைத்தான் மணல் மேடிட்டு அடைக்கிறது. ஆற்றுக்குள் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. இருபுறமும் சதுப்பு நிலத்தின்மேல் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. பெருமழை வந்தால் தண்ணீர் தயங்கும். தேங்கும். பிறகு திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் அங்கே எர்ணாவூர், சடையங்குப்பம், பர்மா நகர், காட்டுக்குப்பம். மனிதர்கள் வசிக்கிற வீடுகள்.

*

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தது. ஐந்தாம் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. அதற்குள் நகரின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஏரிகளைத் திறந்தார்கள். மணலியில் ரிஃபைனரி வளாகத்துக்குள்ளும் வெள்ளம்.

உள்ளே போன தண்ணீர், வெளியே வரும்போது தனியாக வரவில்லை.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். அதனால்தான் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தால் விஷயம் விபரீதமாகிவிடுகிறது. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதன் தலையில் எண்ணெய் நிற்கும். வீட்டுக்குள் வந்தால் நேராகச் சுவரில் கோடு போடும். கட்டிலில், துணியில், ஃபிரிட்ஜின் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். வடியும்போது ஒவ்வொரு அங்குலமாகச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி, தரையில் ஒரு படலமாகப் படுத்துவிடும்.

கால்வாயிலிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து முகத்துவாரத்துக்கு, அங்கிருந்து கடலுக்கு. கடலோரக் காவல்படை விமானத்தில் பறந்து பார்த்தபோது, கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டுகள் கறுத்துப்போயின. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு பறக்கமுடியாமல் உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பறவையைப் படமெடுப்பது சுலபம். ஒரு குடித்தனத்தின் சுவரை யார் படமெடுப்பார்கள்?

எங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்றது ரிஃபைனரி. வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனதற்கு என்ன செய்யமுடியும்? மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தது. வளாகத்தில் மழைநீரைக் கையாளப் போதுமான ஏற்பாடு இல்லாததுதான் காரணம் என்றது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, அள்ளி முடிக்கக் கெடு வைத்தது.

அள்ளினார்கள். எதைக்கொண்டு? மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் இயந்திரங்களும் வெளியூரிலிருந்து வருவதற்குள் நாள்கள் ஓடிவிட்டன. அதுவரை, அதற்குப் பிறகும், மீனவர்களே தங்கள் படகுகளில் ஏறி, மக்கில் மொண்டு பேரலில் ஊற்றினார்கள். குளிக்கிற பிளாஸ்டிக் மக்.

இந்தக் காட்சியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பார்த்தீர்கள். 2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர்ப் பாறைகளில் கறுப்புக் குழம்பு வந்து படிந்தது. மாணவர்களும் தொண்டர்களும் வாளியில் அள்ளினார்கள். ஆறு வருடத்தில் நம் தொழில்நுட்ப முன்னேற்றம், வாளியிலிருந்து மக்குக்கு.

நடுவே 2013இல், தண்டையார்பேட்டையில் சில தெருக்களின் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போகும் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய். ஆக, வடசென்னைக்காரர் வீட்டுக்குள் எண்ணெய் வராத வழி கூரை ஒன்றுதான்.

*

சரி, கறுப்புக் கோட்டுக்கு வருவோம். அம்மாவின் 1996 பாடத்திட்டம் இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். எண்ணெயைக் கரைக்காது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் எண்ணெய் அடுத்த சுவருக்குப் போகும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் கறுப்பு கரையத்தான் செய்யும். கரைந்ததில் பாதி துணிக்கு வரும், மீதி இன்னும் ஆழமாகச் சுவருக்குள் போகும். பக்கத்தில் அடுப்பு இருந்தால் வீடே போகும்.

முறையாகச் செய்வதென்றால், முதலில் தண்ணீரே கூடாது. மரத்தூளோ காய்ந்த மணலோ கொட்டி, எண்ணெயை உறிஞ்சவிட்டு அள்ளவேண்டும். கையுறை போட்டுக்கொண்டு. ஜன்னல் கதவெல்லாம் திறந்துவைத்து. ஏனென்றால் எண்ணெயில் சட்டென்று ஆவியாகும் பகுதி ஒன்று உண்டு. பென்சீன் முதலான சமாசாரங்கள். தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் எல்லாம் அதன் உபயம். அது பறந்துபோனபின் மிச்சமிருப்பது தார் மாதிரி கனமான பகுதி. அதைச் சோப்புத் தூள் கரைசல் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து எடுக்கவேண்டும். அப்படியும் பூச்சுக்குள் ஊறிவிட்டது என்றால் வேறு வழியில்லை. கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, செங்கல் காயும்வரை காத்திருந்து, புதிதாகப் பூசவேண்டும். எண்ணெய்ச் சுவரில் வெள்ளையும் நிற்காது, பெயின்டும் ஒட்டாது. உரிந்து உரிந்து விழும்.

கொத்தி எறிந்த பூச்சு, எண்ணெய் மரத்தூள், ஊறிய மெத்தை. இவற்றை என்ன செய்வது? சட்டப்படி அபாயகரமான கழிவு. ரிஃபைனரிக்குள் இருந்தால் அதற்குத் தனி லாரி, தனி ரெஜிஸ்டர், தனிக் கிடங்கு. தெருவில் இருந்தால்? கார்ப்பரேஷன் குப்பைத்தொட்டி.

இவ்வளவையும் யார் செய்தார்கள்? பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பெண்கள். துடைப்பமும் சோப்புத் தூளும் வைத்துக்கொண்டு. பல வீடுகளில் சுவர் இன்னும் காயவே இல்லை, டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். ஒரே மாதம். வெள்ளம், எண்ணெய், வாயு.

*

உலகத்தில் வேறெங்காவது இப்படி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. அச்சு அசலாக.

2005 ஆகஸ்ட். அமெரிக்காவில் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்கத்திலேயே மெரோ, சால்மெட் என்று இரண்டு சிற்றூர்கள். அங்கே மர்ஃபி ஆயில் என்கிற நிறுவனத்தின் ரிஃபைனரி. வெள்ளத்தில் கச்சா எண்ணெய்த் தொட்டி ஒன்று, பானை மிதப்பது மாதிரி இடம்பெயர்ந்து உடைந்தது. சுமார் 25,000 பேரல் எண்ணெய் வெளியே வந்தது. சுமார் 1,800 வீடுகளுக்குள் போனது. சுவரில் அதே கறுப்புக் கோடு.

அங்கும் ஏழைபாழைகள், தொழிலாளிகள்தான். அங்கும் அரசாங்கம் ஏகப்பட்ட சொதப்பல். ஆனால் ஒரு விஷயம் வேறு. அந்த வீடுகளை யாரும் ‘வெள்ளம் புகுந்த வீடு’ என்று மட்டும் பார்க்கவில்லை. எண்ணெய் கொட்டிய இடம் என்று பார்த்தார்கள். மண்ணையும் தரையையும் பரிசோதித்தார்கள். ஜனங்கள் கூட்டாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் நிறுவனம் 330 மில்லியன் டாலருக்குச் சம்மதித்தது. 2007 ஜனவரியில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சுமார் 6,200 வீடு, கடைகளுக்கு இழப்பீடு. சுத்தம் செய்யும் செலவு நிறுவனத்துடையது. ஆலையை ஒட்டிய தெருக்களில் வீட்டை விற்றுவிட்டுப் போக விரும்பியவர்களிடம் நிறுவனமே விலைக்கு வாங்கிக்கொண்டது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தி போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. இங்கே போட்டுப் பார்த்தேன்.

எண்ணெய்க் கசிவுக்காகத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா 10,000. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. பொதுவான வெள்ள நிவாரணமாக ரேஷன் கடையில் கொடுத்த 6,000 தனி.

இது வரவு. பற்றுப் பக்கத்தில், ஒரு ஃபிரிட்ஜ். ஒரு மெத்தை. ஒரு மிக்ஸி. பள்ளிக்கூடப் புத்தகங்கள். துணிமணி. இரண்டு மூன்று வாரம் போகாத வேலை. கொத்திப் பூசவேண்டிய சுவர். இந்தப் பட்டியலில் ஃபிரிட்ஜ் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கினாலே 7,500 காலி.

அதைவிட முக்கியம், அந்த 7,500 யாருடைய பணம் என்பது. அரசாங்கக் கஜானா. அதாவது உங்கள் பணம், என் பணம், அந்த வீட்டம்மா வாங்குகிற சோப்புத் தூளுக்குக் கொடுத்த வரியும் சேர்த்து. தன் வீட்டுச் சுவரைத் தானே கழுவி, அதற்கான நிவாரணத்திலும் ஒரு பங்கைத் தானே கொடுத்திருக்கிறாள்.

நாசம் செய்தவரே செலவை ஏற்கவேண்டும் என்கிற விதி, புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ராஜஸ்தானில் ரசாயனக் கழிவு கொட்டிய வழக்கில் ஒரு தடவை. வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில் இன்னொரு தடவை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன இடத்தைப் பழையபடி சீராக்கும் செலவும் நாசம் செய்தவரைச் சேர்ந்ததே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு தீர்ப்புமே 1996.

ஆம், அதே 1996. ஜூனில் அம்மா தண்டையார்பேட்டையில் சேறு தள்ளிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் டெல்லியில் இரண்டாவது தீர்ப்பு வந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு பேசுகிற ‘கெட்டுப்போன இடம்’ என்றதும் நமக்கு ஆறு ஞாபகம் வருகிறது, கடல் ஞாபகம் வருகிறது, கூழைக்கடா ஞாபகம் வருகிறது. எல்லாம் நியாயம்தான். பத்துக்குப் பத்து அறையின் சுவரும் கெட்டுப்போன இடம்தான் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆற்றில் அள்ளிய எண்ணெய்க்கு லிட்டர் கணக்கு இருக்கிறது, பேரல் கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள் துடைத்து எடுத்த எண்ணெய்க்குக் கணக்கே இல்லை. துடைத்த துணியையும் எறிந்தாகிவிட்டது.

அம்மா சேறு தள்ளியதில் ஒரு நியாயம் இருந்தது. மழை யாருடையதும் இல்லை. ஏரி மண் யாருடையதும் இல்லை. வந்ததை அவரவர் வாசலில் தள்ளிக்கொள்ளவேண்டியதுதான். எண்ணெய் அப்படி இல்லை. அதற்குச் சொந்தக்காரர் உண்டு. கப்பலில் வந்தபோது இன்வாய்ஸ் உண்டு. ஆலைக்குள் இருந்தவரை ஸ்டாக் ரெஜிஸ்டர் உண்டு. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிய கணத்தில் மட்டும் அது ‘இயற்கைச் சீற்றம்’ ஆகிவிடுகிறது.

அடுத்த மழை வரும். பூண்டியும் புழலும் நிரம்பும். அப்போதும் மூன்று தண்ணீரும் அதே ஒற்றை வாசலைத்தான் தேடிப் போகும். அதற்குள் வீட்டைச் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாற்றச் சொல்லியோ, பீரோவைப் பரணில் ஏற்றச் சொல்லியோ யாராவது யோசனை சொல்லலாம். நல்ல யோசனைகள்தான். சேற்றுக்கு.

கறுப்புக் கோட்டுக்கு வேறு வைத்தியம் கிடையாது. பில்லை உரிய விலாசத்துக்கு அனுப்பவேண்டும். அதற்கு முன்னால், கோட்டை அழிப்பதற்கு முன்னால், வீட்டு நம்பர் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். தேதியோடு.

அம்மாவின் பாடத்திட்டத்தில் இது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.